கார்த்திகையில் வீட்டுக் கலியாணம்: உப்புவெளியில் எங்களுக்குப் பந்தல் போட்டவர்

திருகோணமலையில் மழைக்காலத்தில் வீட்டோடு கலியாணம் வைக்க இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தங்கச்சியின் கலியாணம் கார்த்திகையில் நடந்தது. மாப்பிள்ளைக்குக் கனடாவில் லீவு கிடைத்தது அப்போதுதான், மார்கழி பிறந்தால் முகூர்த்தமே இல்லை, தை வரைக்கும் அவர் நிற்கவும் முடியாது. மழைக்காலம் என்றால் என்ன என்று ஊர் ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2020இல் புரெவி புயல் குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையில் கரை கடந்தது டிசம்பர் 2ஆம் திகதி இரவு, அதுவும் கார்த்திகைதான். மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட 1978 சூறாவளியும் நவம்பர் 23இல் வந்தது. இந்த மாதத்தில் நாள் வைத்தால் மணவறைச் சோடனையைவிட முதலில் யோசிக்க வேண்டியது பந்தல்.

விசாரித்தபோது சிலர் போனில் படங்களை அனுப்பிவிட்டு எத்தனை கதிரை என்று மட்டும் கேட்டார்கள். பாலையூற்றுப் பக்கம் பந்தலும் சமையல் பாத்திரமும் வாடகைக்குக் கொடுக்கிற அண்ணா ஒருவர்தான் நேரில் வந்தார். வந்தவர் வளவைச் சுற்றி நடந்து, காலால் மண்ணைக் கிளறிப் பார்த்து, மழை வெள்ளம் எந்தப் பக்கத்தால் ஓடும், எத்தனை நாளைக்குத் தேங்கி நிற்கும், பக்கத்து வீட்டு மதில் எவ்வளவு உயரம் என்று அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். விலையைப் பற்றி அதுக்குப் பிறகுதான் பேசினார்.

உப்புவெளியில் எங்கள் பக்கம் முழுக்கக் குருமணல். முளை அடித்துக் கயிறு கட்டினால் நனைந்த மணலில் ஒரு காற்றுக்கே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். இவர் முளையை நம்பவில்லை. ஒவ்வொரு மூலைக் காலுக்கும் நீலநிற பரல் (பீப்பாய்) ஒன்றை வைத்து, பவுசர் (தண்ணீர் லொறி) கொண்டுவந்து தண்ணீர் நிரப்பி, மீன்பிடிக் கயிற்றால் காலையும் பரலையும் சேர்த்து இறுக்கிக் கட்டினார். ஒரு பரலில் 200 லீட்டர் பிடிக்கும், அப்படியென்றால் மூலைக்கு 200 கிலோ பாரம். இரவில் காற்று நன்றாகவே அடித்தது, கால் ஒன்றும் அசையவில்லை.

அடுத்தது திசை. மணவறை கிழக்குப் பார்த்து இருக்க வேண்டும், ஆனால் இந்த மாதத்தில் மழையும் காற்றும் கடல் பக்கமிருந்து, வடகிழக்கால் சாய்த்து அடிக்கும். மணவறையைக் கிழக்குப் பார்க்க வைத்துவிட்டுப் பந்தல் வாசலைத் தெற்கே மாற்றினார். கிழக்கும் வடக்கும் தகரத்தால் அடைப்பு, கூரைக்குக் கீழே மட்டும் இரண்டடி இடைவெளி. அந்த இடைவெளி எதுக்கு என்று பெரியப்பா கேட்டார். மழை விட்டு வெயில் எறித்தால் உள்ளே புழுங்கிச் செத்துப்போவார்கள், சூடும் ஓமப்புகையும் வெளியே போக வழி வேண்டும் என்றார். காலை பத்து மணிபோல வெயில் எறித்தது. கூறைச்சேலையோடு இருந்த தங்கச்சி வியர்த்தாள்தான், ஆனால் மயங்கி விழும் நிலைக்குப் போகவில்லை, புகையில் ஐயருக்குக் கண் எரியவும் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது கூரைதான். பலர் படங்கை (தார்ப்பாயை) மட்டமாக இழுத்துக் கட்டிவிடுவார்கள், நடுவில் குளம் மாதிரித் தண்ணீர் தேங்கி யாருடைய தலையிலாவது கொட்டும். இவர் நல்ல சரிவாகத் தகரம் போட்டு, அதுக்கு மேலே பின்னின தென்னோலைக் கிடுகு பரப்பி வரிந்து கட்டினார், ஓமம் வளர்க்கிற இடத்துக்கு மேலே மட்டும் கிடுகு இல்லை. வெறும் தகரத்தில் அடைமழை விழுந்தால் மேளம்கூடக் கேட்காது. தாலி கட்டுகிற நேரம் சரியாக மழை பிடித்தது. ஐயர் சொன்ன மந்திரம் பின்வரிசையில் இருந்த அம்மம்மாவுக்கும் கேட்டது.

கரண்ட் விஷயமும் நன்றாகவே செய்திருந்தார். வயர் இணைப்பு ஒன்றும் தரையில் கிடக்கவில்லை, தனியாக ட்ரிப் ஸ்விட்ச் போட்டிருந்தார், ஜெனரேட்டரைக் காற்று போகிற பக்கம் தள்ளி வைத்து மேலே தகரம் மூடியிருந்தார். பெடஸ்டல் ஃபேன்களைக் குத்துவிளக்கு அணையாதபடி சனத்தைப் பார்த்துத் திருப்பி வைத்ததும் அவர்தான்.

குறைகள் இருக்கின்றன. வாசல் நடைபாதையில் விரித்த கம்பளம் விடியும்போதே ஊறிப்போய்க் கிடந்தது, மாற்றுக்கு ஒன்றும் கொண்டுவரவில்லை, நிறையப் பேரின் சேலைக் கரை சேறாகிவிட்டது. அதில் பலகை போட்டிருக்க வேண்டும். கதிரை உறைகளில் ஈரவாடை, காயவைக்காமல் மடித்தவை போல. பவுசர் தண்ணீருக்குத் தனிக் காசு என்பதைக் கடைசியில்தான் சொன்னார், அதை முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மொத்தத்தில் சாதாரணப் பந்தலைவிட ஏறத்தாழ அரை மடங்கு கூட வந்தது.

ஆனால் ஒன்று, வளிமண்டலவியல் திணைக்களம் புயல் எச்சரிக்கை விட்டால் பந்தல் போட மாட்டேன், அட்வான்ஸைத் திருப்பித் தருவேன் அல்லது வேறு நாளுக்கு மாற்றுவேன் என்று ரசீதிலேயே எழுதித் தந்தார். இப்படி எழுதித் தராதவரிடம் ஐப்பசி, கார்த்திகையில் காசு கட்ட வேண்டாம்.

சமையல் அவர் பொறுப்பில்லை, பாத்திரம் மட்டும் அவருடையது. என்றாலும் சமையல் கொட்டிலைப் பந்தலிலிருந்து தள்ளிப் போடச் சொன்னதும் அவர்தான். இந்தப் புழுக்கத்தில் தேங்காய்ப்பால் விட்ட கறி சீக்கிரம் புளித்துவிடும், அதனால் முதல் பந்திக்கும் கடைசிப் பந்திக்கும் தனித்தனியாகக் காய்ச்சச் சொல்லுங்கள்.

நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரையில் மேடை போட ஆசை என்றால் வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையில் ஆடியை விட்டுப் பாருங்கள். கடல் அமைதியாக இருக்கும், ஆனால் நிலப்பக்கமிருந்து வரும் கச்சான் காற்று அனலாக வீசும், மதியத்தில் வைக்கவே கூடாது. அந்தக் காலத்துக்கு இவருடைய தகரமும் பரலும் தேவையா என்றால், பரல் தேவை, தகரம் வேண்டாம், கிடுகு மட்டும் போதும்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், குறைத்த ஒன்று கம்பளத்துக்கும் அந்தத் தண்ணீர்க் காசுக்கும். கார்த்திகைக்கு வேண்டுமென்றால் ஆவணியிலேயே பேசிவிடுங்கள், ஒரு நாளில் ஒரு வீட்டுக்கு மேல் அவர் எடுப்பதில்லை. போன் எடுக்காவிட்டால் நேரில் போங்கள், பகலில் பெரும்பாலும் எங்காவது பந்தலுக்கு மேலே நிற்பார்.