முதல் கொம்பு வில்லுக்கான மூலப்பொருள் தொகுப்பு: ஒரு மதிப்புரை

கொம்பு வில் செய்யத் தொடங்குபவர்களுக்காக, வேண்டிய மூலப்பொருள்கள் அனைத்தையும் ஒரே பெட்டியில் அடுக்கி விற்கும் தொகுப்புகள் இப்போது இணையவழியில் கிடைக்கின்றன. அப்படிப்பட்ட ஒன்றை வாங்கி, அதிலிருந்த ஒவ்வொரு பொருளையும் வேலைக்கு எடுத்துப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். எருமைக் கொம்புப் பட்டைகள் ஓர் இணை, மேப்பிள் மர நடுப்பலகை, வில்லின் முனைகளுக்கான இரண்டு மரத்துண்டுகள், உலர்ந்த மாட்டுக்கால் தசைநார் ஒரு கட்டு, குருணையாக உடைத்த வஜ்ஜிரம் (விலங்குத் தோலில் காய்ச்சும் பசை), பிர்ச் மரப்பட்டை, செயற்கை இழையில் முறுக்கிய நாண் ஆகியவை பெட்டியில் இருந்தன. கொம்பு கொடுத்த விலைக்குத் தகும், மரம் போதுமானது, தசைநாரை வேறிடத்தில் வாங்கிக்கொள்வதே நல்லது என்பது என் முடிவு.

பொருள்களை எடைபோடுவதற்கு, வில் வளையும்போது எந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். நாணை இழுக்கையில் வில்லாளியை நோக்கிய உட்பக்கம் அமுக்கப்படுகிறது. இலக்கை நோக்கிய புறப்பக்கம் நீட்டப்படுகிறது. அமுக்கத்தைத் தாங்கக் கொம்பு, நீட்சியைத் தாங்கத் தசைநார், இரண்டையும் பிரித்து நிறுத்த நடுவில் மெல்லிய மரம் என்ற அமைப்பு ஆசியப் புல்வெளிகள் முதல் உதுமானியப் பேரரசு வரை, கொரியா வரை பொதுவானது. மரம் மட்டுமே கொண்டு இவ்வளவு குட்டையான வில்லை இவ்வளவு ஆழமாக வளைத்தால் அது முறிந்துவிடும்.

தொகுப்பின் விலையில் பெரும்பங்கு கொம்புக்கே போகிறது என்பதால் அதை முதலில் சோதித்தேன். பட்டைகள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 45 செ.மீ. நீளமும் 6 மி.மீ. தடிமனும் கொண்டவை, உதுமானிய வகைக் குட்டை வில்லுக்கு இது தாராளம், உட்பக்கம் முழுவதும் நீளமாகக் கொம்பு ஓடும் கொரிய வில்லுக்குப் போதாது. சாதாரண மாட்டுக் கொம்பு பெரும்பாலும் நீளத்தில் தோற்றுவிடும். செம்மறியாட்டுக் கொம்பு முறுக்கும் வரிப்புடைப்பும் மிகுந்தது. ஐபெக்ஸ் போன்ற காட்டாடுகளின் கொம்பு சிறந்ததாகக் கருதப்பட்டாலும், பல இடங்களில் சட்டம் குறுக்கே நிற்கும். வளர்ப்பு எருமையே நடைமுறைத் தேர்வு.

நீளத்தைவிட முக்கியமானது, இரு பட்டைகளும் ஒரே விலங்கின் இடக்கொம்பிலும் வலக்கொம்பிலும் இருந்து வந்தவையா என்பது. வெவ்வேறு விலங்குகளின் கொம்புகள் விறைப்பில் வேறுபடும். கைப்பிடிக்கு இருபுறமும் வளையும் வில்லின் கைகளில் ஒன்று மற்றதைவிட மென்மையாக வளையும். அதைச் சரிசெய்யச் சரிசெய்ய வில்லின் வலிமை குறைந்துகொண்டே போகும். பெட்டியிலிருந்த பட்டைகளின் நிறவரிகளும் வளைவும் கண்ணாடியில் பார்த்ததுபோல் எதிரெதிராகப் பொருந்தின. இதற்காகவே விற்பனையாளரைப் பாராட்டலாம். கருங்கொம்பில் குறை எளிதில் தெரியாது; மேற்பரப்பை இழைப்புளியால் லேசாகச் சீவி, ஈரத்துணியால் துடைத்து, ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சினால் ஏடு பிரிந்த இடமும் பூச்சி அரித்த பள்ளமும் வெளிப்படும். ஒரு பட்டையின் அடிநுனியில் மட்டும் சிறு ஏடுபிரிவு இருந்தது. கைப்பிடிப் பக்கம் வெட்டி எறியும் பகுதியில் அது அடங்கிவிட்டது. கொம்பைச் சூடாக்கி அழுத்தித் தட்டையாக்கியிருந்தார்கள். சூடு மிஞ்சிய கொம்பில் காணும் வெளிறலோ நொறுங்கும் தன்மையோ இல்லை. வாங்கிய பொருள் உண்மைக் கொம்பா பிசின் வார்ப்பா என்ற ஐயம் எழுந்தால், சீவிய சுருள் ஒன்றை நெருப்பில் காட்டினால் போதும். மயிர் கருகும் நாற்றம் வந்தால் அது கொம்புதான்.

நடுப்பலகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் இருப்பதால் அது பெரிய அமுக்கத்தையோ நீட்சியையோ சந்திப்பதில்லை; இரு பக்கமும் ஒட்டிய பொருள்கள் வழுக்காமல் பிடித்திருப்பதே அதன் வேலை. மேப்பிள் ஆவியில் நன்றாக வளையும், பசையையும் சீராக ஏற்கும். உதுமானிய வில்லாளர் அதையே விரும்பினர். கொரியர் மூங்கிலை நடுவில் வைத்து, முனைகளுக்கு முசுக்கட்டை மரத்தைப் பொருத்தினர். பெட்டியிலிருந்த பலகையின் ரேகை ஓரிடத்தில் விளிம்பை நோக்கி விலகியிருந்தாலும் நடுப்பலகையில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். நாணின் இழுப்பை நேரே வாங்கும் முனைத்துண்டுகளில் அந்தச் சலுகைக்கு இடமில்லை. அவை நேர் ரேகையோடு, கணு இல்லாமல் வந்திருந்தன.

ஏமாற்றம் தந்தது தசைநார். பெரும்பாலான துண்டுகள் 15 செ.மீ.க்கும் குறைவு. இழைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும்படி, செங்கல் வரிசைபோல் இணைப்புகள் விலகி விழப் பரப்ப வேண்டும். இழை குட்டையாக இருந்தால் இணைப்புகள் பெருகி, புறப்பக்கத்தின் வலிமை பசையை நம்பி நிற்க நேரும். முதல் வில்லுக்கு 20 முதல் 25 செ.மீ. நீள இழை தரும் கால்நாரே வசதியானது. முதுகுநார் இன்னும் நீளமானது, ஆனால் ஒரு விலங்கிலிருந்து கிடைக்கும் அளவு குறைவு. குறிப்பிட்ட எடையில் மேலுறையும் கொழுப்பும் சேர்ந்திருந்தன என்பது அடுத்த குறை. சுத்தியலால் தட்டி, மேலுறையை உரித்து, இழை இழையாகப் பிரித்தபோது கணிசமான பகுதி கழிவாகப் போயிற்று. மஞ்சள் படிந்த துண்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தது. வெதுவெதுப்பான சோப்பு நீரில் அலசிக் காயவைக்காமல் அவற்றை ஒட்டினால் பசை பிடிக்காது. இந்தக் கட்டணத்துக்குச் சுத்தம் செய்த நாரையாவது தந்திருக்கலாம்.

வஜ்ஜிரம் தரமானது, ஊறவைத்தால் சீராக உப்பி, தெளிவாகக் கரைகிறது. உடன் வந்த குறிப்புத்தாள்தான் ஆபத்தானது, ஏனெனில் அது பசையைக் கொதிக்கவிடச் சொல்கிறது. வஜ்ஜிரம் உள்ள கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துள் வைத்து 60 பாகை செல்சியஸ் அளவில் உருக்க வேண்டும். 70-ஐத் தாண்டி நீண்ட நேரம் வைத்தால் அதன் பிடிப்பு குறையும். தசைநாரும் வஜ்ஜிரமும் கொலாஜன் என்ற ஒரே புரதத்தால் ஆனவை. ஈரநார் ஏறக்குறைய அதே 60 பாகையில் சுருங்கிக் கெட்டுவிடும் என்பதால், நாரைத் தோய்க்கும் பசை கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியிருக்க வேண்டும். கொம்பு கெரட்டின் என்ற வேறொரு புரதத்தால் ஆனது, பசையை எளிதில் ஏற்காது. அதனால்தான் உதுமானியர் கொம்பிலும் மரத்திலும் நீளவாக்கில் பொருந்தும் வரிப்பள்ளங்களைப் பல்லுள்ள கருவியால் இழுத்து, இரு பரப்புக்கும் நீர்த்த பசையைப் பலமுறை பூசிக் காயவிட்டு, பிறகே ஒட்டினார்கள். குறிப்புத்தாளில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மீனின் காற்றுப்பையில் காய்ச்சும் பசை வஜ்ஜிரத்தைவிட நெகிழ்ச்சியானது. மெதுவாக உறைவதால் கொம்பை ஒட்ட அவகாசமும் தரும். கூடுதல் கட்டணத்துக்கு அதையும் இவர்கள் விற்கிறார்கள். ஸ்டர்ஜன் மீனின் பசை என்றால் உரிய ஆவணம் கேட்டு வாங்குங்கள். 1998 முதல் அம்மீன் இனங்கள் அனைத்தும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் உள்ளன. கொம்பை ஒட்டுவதற்கு மட்டும் சிறிதளவு வாங்கினால் போதும். நார் பரப்ப வஜ்ஜிரமே தாங்கும்.

கைப்பிடியில் இரு கொம்புப் பட்டைகளும் சந்திக்கும் இடத்தில் வைக்கும் எலும்புத்துண்டு தொகுப்பில் இல்லை. கெட்டியான மாட்டெலும்பில் அதை அறுத்துக்கொள்ளலாம். நாண் பயன்படுத்தத் தக்கது. பிர்ச் பட்டை ஈரத்திலிருந்து நாரைக் காக்கும் உறை மட்டுமே; தசைநார் மாதக்கணக்கில் உலர்ந்து, வில் நாணேறி, இரு கைகளின் வளைவும் சமப்பட்ட பிறகே அதற்கு வேலை வரும். பட்டை இல்லாத மலிவான தொகுப்பையும் இதே விற்பனையாளர் தருகிறார்; மிச்சமாகும் தொகையை நீள இழைத் தசைநாருக்குச் செலவிடலாம்.