தோப்புச் சந்துக்குள் நேராக வீச எந்த டிரைவர்?

டிஸ்க் கோல்ஃபில் தட்டு மாதிரியான டிஸ்க்கை வீசிக் கூடையில் விழவைக்க வேண்டும், தூரம் வீசுவதற்கான டிஸ்க்குக்குத்தான் டிரைவர் என்று பெயர். வேலூர்ப் பக்கம் தென்னை வைப்பவர்கள் வரிசைக்கு வரிசை 25 அடி விடுவது வழக்கம். நடுவில் நின்றால் இரண்டு பக்கமும் பன்னிரண்டரை அடி இருக்கிறது, பார்க்கத் தாராளமாகத்தான் தெரியும். ஆனால் கூடை 200 அடி தள்ளி இருந்தால், கையிலிருந்து விடும்போது மூன்றரை டிகிரி பிசகினாலே டிஸ்க் மரவரிசைக்குப் போய்விடும். 100 அடிக்கு ஏழு டிகிரி வரை தாங்கும். டிஸ்க் கடைசிவரை நேராகப் போகும் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. கடைசியில் அது இடப்பக்கம் சாயும் சாய்வையும் சேர்த்தால் இந்தத் தாராளம் இன்னும் சுருங்கும். டிரைவர் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கடைசிச் சாய்வைத்தான், தூரத்தை இல்லை. இனி இடம், வலம் என்று சொல்வதெல்லாம் வலது கையால் பேக்ஹேண்ட் வீசுபவர்களுக்கு. இடது கையால் பேக்ஹேண்ட் வீசுபவர்களும் வலது கையால் ஃபோர்ஹேண்ட் வீசுபவர்களும் மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் டெஸ்ட்ராயர் மாதிரி ஸ்பீடு 12 டிஸ்க்கை வாங்கிவிடுகிறார்கள். ஸ்பீடு என்பது அந்த டிஸ்க்குக்கு எவ்வளவு வேகம் தேவை என்று காட்டும் எண். அதன் விளிம்பு 2.2 செ.மீ. அகலம், ஸ்பீடு 7 டீபேர்டுக்கு 1.7 செ.மீ.தான். அகல விளிம்பு டிஸ்க் அதற்குரிய வேகத்தில் போனால்தான் எண்ணில் சொன்னபடி பறக்கும். வேகம் பத்தாவிட்டால் பாதி வழியிலேயே இடப்பக்கம் விழத் தொடங்கும். திறந்த மைதானத்தில் அது பெரிதாகத் தெரியாது, தோப்பில் இரண்டாவது மரத்திலேயே தெரிந்துவிடும். சந்துக்கு ஸ்பீடு 6, 7 போதும். 200 அடிக்கு உள்ளே என்றால் டிரைவரே வேண்டாம், பஸ் (Buzzz) மாதிரி ஒரு மிட்ரேஞ்ச், அதாவது நடுத்தர தூர டிஸ்க் (5/4/-1/1) போதும்.

டிஸ்க்கின் மேல் இருக்கும் நான்கு எண்கள் வரிசையாக ஸ்பீடு, கிளைடு, டர்ன், ஃபேடு. கிளைடு என்பது மிதந்து போகும் குணம். டர்ன் என்பது வேகமாகப் போகும்போது வலப்பக்கம் திரும்பும் குணம், எண் மைனஸில் போகப் போக அதிகம் திரும்பும். ஃபேடு என்பது வேகம் குறைந்ததும் இடப்பக்கம் சாய்வது. டர்ன் 0, ஃபேடு 0 இருந்தால் நேராகப் போகும் என்று நினைப்பது இயற்கை. ஆனால் அந்த எண்கள் நல்ல வேகத்தில், தட்டையாக, ஆட்டமில்லாமல் விட்ட டிஸ்க்குக்கு. மெதுவான கைக்கு எல்லா டிஸ்க்குமே எண்ணில் இருப்பதைவிட இடப்பக்கம்தான் போகும்.

டீபேர்டு 7/5/0/2. 1999-இல் வந்தது, இன்றும் ஃபேர்வே டிரைவர் (நடுத்தர ஸ்பீடு டிரைவர்) என்றால் பலரும் முதலில் சொல்லும் பெயர். 280, 300 அடி வீசும் கைக்கு இது சந்துக்குள் நம்பகமான டிஸ்க். பலமாக வீசினாலும் வலப்பக்கம் புரளாது, கடைசியில் மட்டும் அளவோடு இடப்பக்கம் சாயும், எங்கே சாயும் என்பது முன்கூட்டியே தெரியும். ஃபோர்ஹேண்டுக்கும் தாங்கும். ஆனால் 220 அடி வீசும் கைக்கு அந்த ஃபேடு 2 என்பது 3 மாதிரி வேலை செய்யும், சந்தின் முடிவுக்கு முன்பே இடது வரிசைக்குள் நுழைந்துவிடும். டிஸ்க்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

பெரும்பாலானவர்களுக்கு லெப்பர்டு3 (7/5/-2/1) சரியாக வரும். அதைத் தட்டையாக விடக் கூடாது. இடது விளிம்பை ஐந்து முதல் பத்து டிகிரி கீழே சாய்த்து விட வேண்டும். வேகத்தில் அது தானாக நிமிர்ந்து தட்டையாகி, நேராக ஓடி, வேகம் தீரும்போது கொஞ்சமாக மட்டும் இடப்பக்கம் இறங்கும். ஹைசர்ஃபிளிப் என்பது இதுதான். நிமிராமல் இடப்பக்கமே போனால் சாய்வைக் குறையுங்கள், நிமிர்ந்து மேலும் வலப்பக்கம் புரண்டால் சாய்வைக் கூட்டுங்கள். அதற்கு மேலும் புரண்டால் உங்கள் கை டீபேர்டுக்குத் தயார். கை இன்னும் மெதுவென்றால் பழைய லெப்பர்டு, ஸ்பீடு 6. ஒன்றுதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் லெப்பர்டு3 வாங்குங்கள்.

லேட்டிடியூட் 64 நிறுவனத்தின் ரிவர் 7/7/-1/1. கிளைடு 7 என்பது இந்த வகையில் அதிகம், குறைந்த வேகத்திலும் மிதந்துகொண்டே போகும். அணைக்கட்டு ஊர்ப் பக்கம் நெட்டைத் தென்னைத் தோப்புகளில் மட்டை எல்லாம் உயரத்தில் இருப்பதால் அங்கே ரிவருக்கு இடம் உண்டு. அதையே குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்க மாந்தோப்புக்குக் கொண்டுபோனால் கதை வேறு. மரத்துக்கு மரம் 30 அடிக்கு மேல் இருந்தாலும் கிளை தலைக்குச் சற்று மேலேயே தொடங்கிவிடும். மூக்கு, அதாவது டிஸ்க்கின் முன் விளிம்பு, கொஞ்சம் தூக்கினாலும் ரிவர் எழும்பி இலைக்குள் போகும். கிளைக் கூரை தாழ்ந்த இடத்தில் இடுப்பு உயரத்தில் விட்டு, தரையை ஒட்டி ஓடவைக்க வேண்டும், அதற்குக் கிளைடு 5 போதும். குட்டை ரகத் தென்னைக்கும் இதே கணக்குதான்.

ஆக்ஸியம் நிறுவனத்தின் கிரேவ் 6.5/5/-1/1. வெளி வளையம் தனி பிளாஸ்டிக்கில், எடை ஓரத்துக்குத் தள்ளி வைத்துச் செய்தது. எண்களைப் பார்த்தால் டீபேர்டுக்கும் லெப்பர்டுக்கும் நடுவில். தட்டையாக விட்டுப் பழகியவர்களுக்கு இது ஒத்துவரும், ஹைசர் சாய்வெல்லாம் கற்க வேண்டாம். குறை என்றால் அந்த வளையத்தின் பிடி எல்லோர் விரலுக்கும் பிடிப்பதில்லை.

பிளாஸ்டிக் விஷயத்தில் கஞ்சத்தனம் இங்கே லாபம். டிஎக்ஸ் போன்ற அடிமட்ட பிளாஸ்டிக் மரத்தில் மோத மோதத் தேய்ந்து, ஃபேடு குறைந்துகொண்டே வரும். அடிபட்ட டிஎக்ஸ் டீபேர்டு புதியதைவிட நேராகப் போகும், அதற்காகவே பழையதைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. சாம்பியன் என்ற உயர்ரக பிளாஸ்டிக் பல வருடம் உழைக்கும், ஆனால் அதே அச்சில் கொஞ்சம் அதிகமாக இடப்பக்கம் சாயும், ஐப்பசி மழையில் வழுக்கும். மோதிய இடத்தில் பிசிறு எழும்பினால் நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடலாம், விதி அதை அனுமதிக்கிறது. பறக்கும் விதமே மாறும் அளவுக்குத் தேய்க்கத்தான் கூடாது.

கத்திரி வெயிலில் காருக்குள் டிஸ்க்கை விட்டுவிட்டுப் போகாதீர்கள். அடிமட்ட பிளாஸ்டிக் நெளிந்துவிடும். நெளிந்த டிஸ்க் கையை விட்டதும் ஆடும், ஆடினால் எந்த எண்ணும் செல்லாது. வாங்கியதும் ஒரு கிரானைட் மேடையில் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். விளிம்பு முழுக்கப் படிய வேண்டும், ஒரு பக்கம் தூக்கினால் திருப்பிக் கொடுங்கள். கைவசம் இருப்பது நெளிந்துவிட்டால் வெந்நீரில் போட்டு எடுத்து, தட்டையாக வைத்து ஆறவிட்டால் ஓரளவு சரியாகும். இரண்டு டிஸ்க்கை அருகருகே வைத்து விளிம்பின் கூர் எந்த உயரத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். ஒரே அச்சில் வந்தாலும் கூர் மேலே இருப்பது இடப்பக்கம் அதிகம் சாயும், கீழே இருப்பது எளிதாக வலப்பக்கம் திரும்பும். நடு முதுகு உப்பியிருந்தால் மிதப்பு கூடும்.

எடை 165 முதல் 175 கிராமுக்குள் எடுங்கள். விட்டத்தில் ஒரு செ.மீ.க்கு 8.3 கிராம் என்பது விதியின் உச்சவரம்பு, 21.2 செ.மீ. டிஸ்க்குக்கு 176 கிராம் வரும். 150 கிராம் டிஸ்க் எளிதில் வேகமெடுக்கும், ஆனால் பாலாற்றங்கரைக் காற்றில் தடுமாறும். ஸ்போர்ட்ஸ் கடையில் 175 கிராம் என்று அல்டிமேட் ஃபிரிஸ்பி விளையாட்டுக்கான டிஸ்க்கைக் காட்டினால் ஏமாறாதீர்கள். எடை அதேதான், விட்டம் 27 செ.மீ.க்கு மேல், விளிம்பும் மழுங்கல்.

சோதிக்க ஓடிவந்து வீச வேண்டாம். நின்ற இடத்திலிருந்து, முக்கால் பலத்தில், ஒரே சந்துக்குள் பத்து முறை வீசுங்கள். எழும்பி நின்று இடப்பக்கம் கொட்டினால் மூக்கு தூக்கியிருக்கிறது. உடல் எடை பின்காலிலேயே தங்கிவிட்டதும், மணிக்கட்டு மேலே மடங்கியதும்தான் வழக்கமான காரணம். மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சற்றுத் தாழ்த்திப் பிடியுங்கள். ஆடிக்கொண்டே வலப்பக்கம் புரண்டால் கையை இழுத்த கோடும் டிஸ்க்கின் சாய்வும் ஒத்துப்போகவில்லை, அப்போது பலத்தைக் குறைக்க வேண்டுமே தவிர டிஸ்க்கை மாற்றக் கூடாது. ஆட்டமே இல்லாமல் பத்தும் ஒரே பக்கம் போனால்தான் டிஸ்க் உங்கள் கைக்குத் தவறு.

ஆடிக் காற்றை எதிர்த்து வீசும்போது டிஸ்க் உண்மையில் போகும் வேகத்தைவிட வேகமாகப் போவதாகவே உணரும், லெப்பர்டு3 புரண்டுவிடும். அன்றைக்கு டீபேர்டு. பின்காற்றில் தலைகீழ். ஏலகிரியில், சுமார் 1,100 மீட்டர் உயரத்தில், காற்று அடர்த்தி குறைவதால் டர்ன் கொஞ்சம் குறையும், சாய்வு கூடும்.

நிறம் அலங்காரம் இல்லை. பச்சை புல்லில் தொலையும், சிவப்பும் ஆரஞ்சும் செம்மண்ணிலும் காய்ந்த மட்டைக்கு நடுவிலும் தொலையும். பிங்க் அல்லது அடர் நீலம் எடுங்கள். தோப்புக்காரரிடம் கேட்டுவிட்டு வீசுங்கள், காய் பறிக்கும் நாளாக இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.