நோட்-ரெட்: வரைய எளிது, படிக்க?

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளில் மென்பொருள் எழுதுவதற்கென்று தனியாக ஆள் வைத்துக்கொள்ளும் வசதி பெரும்பாலும் இருப்பதில்லை. ஓசூர், தருமபுரி பக்கமிருந்து எலெக்ட்ரிக்கல் வேலைக்கு வந்த நம்மவர்களே மின்மீட்டரையும் கம்ப்ரசரையும் கணினியோடு இணைக்கிறார்கள். திரையில் பெட்டிகளைக் கோடுகளால் இணைத்தே கணினிக்கு வேலை சொல்லித்தரும் நோட்-ரெட், அப்படிப்பட்டவர்களுக்கு எவ்வளவு தோதான கருவி என்பதையே இங்கே மதிப்பிடுகிறேன். ஐபிஎம் நிறுவனத்தில் 2013இல் உருவாகி, இப்போது ஓப்பன்ஜேஎஸ் அறக்கட்டளையின் கீழ் இருக்கும் இந்தத் திறமூல மென்பொருளுக்குக் கட்டணம் இல்லை; ராஸ்பெர்ரி பை கணினியிலேயே நன்றாக ஓடும்.

வரையும் வேலையைப் பொறுத்தவரை குறை சொல்ல அதிகம் இல்லை. இடப்பக்கப் பட்டியலிலிருந்து ஒரு நோடை, அதாவது ஒரு வேலையைச் செய்யும் பெட்டியை, இழுத்து, ஏற்கெனவே இருக்கும் இணைப்புக் கோட்டின் மேல் விட்டால், கோடு தானாகவே பிரிந்து அதை நடுவில் சேர்த்துக்கொள்கிறது. 2020இல் வந்த குழுவாக்கும் வசதியும், 2022இல் வெளியான 3.0 பதிப்பின் வலச்சொடுக்குப் பட்டியலும் கோடுகளின் சிக்கலைக் கணிசமாகக் குறைத்திருக்கின்றன.

ஆனால் ஒருவர் வரைந்ததை அடுத்த ஷிப்டுக்கு வருபவர் படித்துப் புரிந்துகொள்ள வேண்டுமே, அங்கேதான் இடைமுகம் தடுமாறுகிறது. காற்றழுத்தம் 6 பார் (அழுத்த அலகு) அளவுக்குக் கீழே இறங்கினால் சூப்பர்வைசருக்குச் செய்தி போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த நிபந்தனையைத் தாங்கும் சுவிட்ச் நோடுக்கு நாமாகப் பெயர் வைக்காவிட்டால், அதன் முகத்தில் 'சுவிட்ச்' என்ற சொல் மட்டுமே தெரியும். '6' என்ற எண்ணைக் காண இருமுறை சொடுக்கித் திறக்க வேண்டும், அல்லது வெளியேறும் முனையின் மேல் மவுஸை வைத்துக் காத்திருக்க வேண்டும். பக்கத்திலேயே இருக்கும், தரவை மாற்றும் சேஞ்ச் நோடோ, ஒரே விதி இருந்தால் அது எதை என்ன செய்கிறது என்பதைத் தன் முகத்திலேயே காட்டிவிடுகிறது. இந்த நல்ல வழக்கத்தை சுவிட்சுக்கும் கொண்டுவந்தாலே திரையைப் பார்த்த மாத்திரத்தில் பாதி விஷயம் விளங்கிவிடும்.

ஒரு நோடுக்குள் என்ன தரவு போனது, என்ன வந்தது என்று அறிய ஒவ்வோர் இடத்திலும் தரவைத் திரையில் காட்டும் டீபக் நோடு மாட்ட வேண்டியிருப்பதும் சுமைதான். இதே போல நோடுகளை இணைக்கும் என்8என் என்ற மென்பொருளில் நோடைத் திறந்ததும் உள்ளே வந்த தரவு இடப்புறமும் வெளியேறியது வலப்புறமும் நிற்கின்றன. அதைப் பழகியவருக்கு இந்தக் குறை உடனே உறுத்தும்.

இவற்றைவிடக் கவலை தருவது, வரைந்ததை இயக்கத்துக்குக் கொண்டுவரும் டிப்ளாய் பொத்தான். அதன் இயல்பு நிலை 'முழுவதும்' என்பதால், மாற்றியது ஒரு நோடாக இருந்தாலும் எல்லாமே நின்று மறுபடி தொடங்குகின்றன. பத்து நிமிடம் கழித்துப் போகும்படி டிலே நோடில் காத்திருந்த எச்சரிக்கை அந்த நொடியே தொலைந்துபோகும். 'மாற்றிய நோடுகள் மட்டும்' என்ற தேர்வு இருக்கிறது, ஆனால் அது பொத்தானின் ஓரத்திலுள்ள சிறு அம்புக்குறிக்குள் மறைந்துகிடக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் பட்டறைக்கு அதுவே இயல்பு நிலையாக இருந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்தக் குறைகளோடும் பட்டறைகளுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். நிறுவியவுடன் டிப்ளாய் தேர்வை மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு சுவிட்சுக்கும் 'அழுத்தம் 6க்குக் கீழ்' என்பது போல நிபந்தனையையே பெயராக வையுங்கள். இரவு ஷிப்டிடம் ஒப்படைக்குமுன், 3.1 பதிப்பு முதல் கிடைக்கும் பூட்டும் வசதியால், வரைந்து முடித்த ஃபுளோவை (நோடுகளின் இணைப்பு வரைபடத்தை) யாரும் மாற்றிவிடாதபடி பூட்டிவிடுங்கள்.