தொண்டிப் பக்கம் ஒரு மௌனத் தியானம்: முடிவெடுக்க முடியாமல் தவிப்பவர்கள் போகலாம்

ஆண்டவரின் சித்தம் எது என்று தெரியாமல் தவிப்பவர்கள் தாராளமாக இந்தத் தியானத்துக்குப் போகலாம். தலையில் கைவைத்து ‘உனக்கு இதுதான்’ என்று சொல்வது, கண்ணை மூடி விவிலியத்தில் விரல் வைப்பது, சீட்டுப் போடுவது எதுவும் இங்கே கிடையாது, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி. கையில் வளைகுடா விசா, வீட்டில் அப்பாவின் படகு, இரண்டுக்கும் நடுவில் மீன்பிடித் தடைக்காலத்தில் போனேன்.

இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டில் வகுத்த முறை. தாளில் கோடு போட்டு, போனால் என்ன நன்மை தீமை, போகாவிட்டால் என்ன என்று எழுதச் சொல்கிறார் ஃபாதர். அப்புறம், முன்பின் தெரியாத ஒருவர் இதே கேள்வியோடு வந்தால் என்ன சொல்வாய், சாகும் நேரத்தில் எதைத் தேர்ந்திருக்கலாம் என்று நினைப்பாய் என்று கேட்கிறார். அங்கேதான் என் பேனா நின்றுவிட்டது. மனம் வறண்டு கிடக்கும்போது, முன்பு எடுத்த நல்ல முடிவை மாற்றாதே என்பதையும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஒரு மாலை ஓரியூர் கூட்டிப்போனார்கள். 1693இல், போர்ச்சுகலிலிருந்து வந்த இயேசு சபைக் குரு புனித அருளானந்தர் தலை வெட்டப்பட்ட செம்மண். போர்ச்சுகலுக்குப் போனவரை அங்கேயே இருக்கச் சொல்லியும் மறவ நாட்டுக்கே, அதாவது இந்த ராமநாதபுரம் பக்கமே, திரும்பி வந்தவர் அவர், அதை அங்கே நின்று கேட்பது வேறு.

குறை ஒன்று, ஃபாதரிடம் தனியாகப் பேசும் நேரம் போதாது. திருமணமா துறவறமா என்று வருபவர்களுக்கு ரொம்பவே குறைவு. நான் முடிவெடுத்தது வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசிய பிறகுதான், ஆனால் பயத்தில் எடுக்கவில்லை. படகிலேயே இருக்கிறேன். கைப்பேசியை வாங்கி வைத்துவிடுவார்கள், வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.