செல்போன் கம்பெனி மேல் புகார்: மேல்முறையீடா, நுகர்வோர் ஆணையமா?

கேட்காத சேவைக்குப் பணம் பிடித்துவிட்டார்கள், கஸ்டமர் கேரில் தீரவில்லை. அடுத்து எங்கே? கம்பெனியிலேயே இருக்கும் மேல்முறையீட்டு அதிகாரியிடமா, மாவட்ட நுகர்வோர் ஆணையத்திடமா?

செலவு: மேல்முறையீடு இலவசம். ஆணையத்திலும், சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை. ஜெராக்ஸ், தபால், பஸ் காசுதான்.

காலம்: மேல்முறையீடு 39 நாளில் முடியணும். ஆணையத்தில் வாய்தா இழுக்கும்.

கெடு: முன்னதற்கு 30 நாள், பின்னதற்கு 2 ஆண்டு. புகார் எண் வந்த எஸ்எம்எஸ்ஸை அழித்துவிட்டால் இரண்டிலும் திண்டாட்டம்.

தகராறு நடுவரிடம்தான் போகணும் என்ற 1885 தந்திச் சட்டத்தின் 7பி பிரிவைக் காட்டி, ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று தட்டிக்கழிப்பது பழைய கதை. 2022இல் உச்ச நீதிமன்றம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. 2023 தொலைத்தொடர்புச் சட்டமும் நுகர்வோர் உரிமையில் கைவைக்கவில்லை. தலைமையகம் மும்பையானாலும் பென்னாகரத்துக்காரர் தருமபுரியிலேயே, ஓசூர்க்காரர் கிருஷ்ணகிரியிலேயே வழக்குப் போடலாம்.

99 ரூபாய்க்கு மேல்முறையீடே போதும். வாரக்கணக்கில் லைன் செத்து, பிழைப்புக் கடை படுத்து, நஷ்டஈடு வேண்டுமா? ஆணையம்தான்.