கோத்தகிரியில் மலைச் சைக்கிள்: வழிகாட்டிக்கு முழு மார்க், வண்டிக்குப் பாதிகூடத் தேறாது

கோத்தகிரியில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் எம்டிபி என்கிற மலைச் சைக்கிள் வாடகை, கூடவே வர ஒரு வழிகாட்டி, ஒரு ராத்திரி தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே வாங்குகிறார்கள். நண்பர்கள் கூட்டமாகப் போய் வந்தோம். சேவையின் பெயரை இங்கே போடவில்லை. ஊரில் இந்தத் தொழில் செய்கிறவர்களே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான், கீழே நான் வண்டிகளைப் பற்றித் திட்டப்போகிறேன், அதனால் பெயர் வேண்டாம். யாரிடம் எடுத்தாலும் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

ஒரே வரியில் கேட்டால் அந்தக் காசு முழுக்க வழிகாட்டிக்குத்தான். சைக்கிளுக்கு என்று தனியாக ஒரு ரூபாய் கேட்டிருந்தால்கூட நான் யோசித்திருப்பேன்.

ஊட்டியை விட்டுவிட்டு ஏன் கோத்தகிரி என்று கிளம்பும்போதே எங்களுக்குள் ஒரு சண்டை நடந்தது. ஊட்டி 2,240 மீட்டர், இது ஏறத்தாழ 1,800. குளிர் கம்மி, கூட்டம் ரொம்பவே கம்மி, முக்கியமாக ஊரைச் சுற்றிக் காட்டைவிடத் தேயிலை அதிகம், தேயிலைக்குள் நடைபாதைகள் அதைவிட அதிகம். சென்னையில் இருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து 33 கிலோமீட்டர் பஸ். சொந்தக் காரில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும், 2024 மே மாதத்தில் இருந்து அந்த நடைமுறை இருக்கிறது. பஸ்ஸில் போனால் அந்த வேலையே இல்லை. தண்ணீர் பாட்டில் விஷயமும் ஞாபகம் இருக்கட்டும், நீலகிரி மாவட்டத்துக்குள் கடையில் வாங்கும் சின்ன பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. வீட்டில் இருந்தே ஒரு நல்ல சைக்கிள் பாட்டிலோ முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பையோ எடுத்துப் போங்கள். எங்களில் ஒருத்தன் செக்போஸ்ட்டில் பாட்டிலைப் பறிகொடுத்துவிட்டு இரண்டு நாளும் அடுத்தவன் தண்ணீரையே குடித்தான்.

எப்போது போவது என்பதும் முக்கியம். கோத்தகிரி, நீலகிரி மலையின் கிழக்குச் சரிவில் இருப்பதால் ஊருக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஜூன், ஜூலையில் மலையின் மேற்கே கூடலூர் பக்கம் கொட்டும்போது இங்கே பல நாள் வெறும் சாரலும் மூடுபனியும்தான். அக்டோபர் கடைசியில் இருந்து டிசம்பர் பாதி வரை சைக்கிள் எண்ணத்தையே விட்டுவிடுங்கள், செம்மண் பாதை டயரை அப்படியே பிடித்துக்கொள்ளும்.

சரி, வண்டிக்கு வருவோம். போட்டோவில் காட்டியது ஒன்று, வரிசையில் நின்றது வேறு. எல்லாமே முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள வண்டிகள், அதில் எனக்குக் குறை இல்லை, இந்தப் பாதைகளுக்கு அதுவே தாராளம். குறை என்னவென்றால் பராமரிப்பு. ஒரு வண்டியில் சஸ்பென்ஷன் பூட்டு திறக்கவே இல்லை, அழுத்தினால் இரும்புக் கம்பி மாதிரி நிற்கிறது. எல்லா டயரிலும் காற்றைக் கல்லாக அடித்து வைத்திருந்தார்கள், அழுத்தம் ஐம்பது பிஎஸ்ஐக்குக் குறையாது. ரோட்டுக்கு அது சரி. வேரும் சரளையும் உள்ள பாதையில் அந்தக் காற்றோடு இறங்கினால் சக்கரம் துள்ளித் துள்ளி ஓடும், பிடிமானமே இருக்காது. ட்யூப் போட்ட டயர் என்றால் முப்பதை ஒட்டி வைத்தால் போதும். இதைக்கூட வழிகாட்டித் தம்பிதான் வந்து ஒவ்வொரு வால்வாக அழுத்தி, கட்டை விரலால் டயரை அமுக்கிப் பார்த்துச் சரிசெய்தான்.

பிரேக்தான் பெரிய கதை. எல்லாம் டிஸ்க் பிரேக், ஆனால் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிற ரகம் இல்லை, கேபிள் ரகம். கேபிள் ரகத்தில் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பேட் தேயத் தேய நாம்தான் திருகி முறுக்கிக்கொண்டே வர வேண்டும். யாரும் முறுக்கவில்லை போல. இரண்டு வண்டிகளில் லீவரை இழுத்தால் ஹேண்டில்பாரையே தொட்டது. இதைக் காட்டியதும் கடைப் பையன் சொன்னான், "ஒண்ணும் ஆகாதுண்ணா, இறக்கத்துல பாத்து மெதுவா போங்க." மலைச் சைக்கிள் வாடகைக்கு விடுகிற இடத்தில் இறக்கத்தில் மெதுவாகப் போகச் சொல்லுகிறார்கள், பிரேக் இல்லாத வண்டியில்! இன்னொரு வண்டியில் முன் பிரேக்கும் பின் பிரேக்கும் கை மாறியிருந்தது. மற்ற எல்லாவற்றிலும் வலது கையில் முன் பிரேக், அதில் மட்டும் இடது. பழக்கத்தில் தப்பான கையை அழுத்தினால் ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே பறந்துபோய்த்தான் விழுவான். அதனால் எங்கே வாடகைக்கு எடுத்தாலும் முதலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு இரண்டடி நடந்து, ஒவ்வொரு லீவராக இழுத்துப் பாருங்கள், எந்தச் சக்கரம் நிற்கிறது என்று.

என் வண்டிக்கு வேறு நோய். முதல் இறக்கத்திலேயே பின் பிரேக் ஊளையிட ஆரம்பித்தது. பிடிக்கவும் இல்லை, சத்தம் மட்டும் பள்ளத்தாக்கு முழுக்க. அன்று காலையில்தான் செயினுக்கு ஸ்பிரே அடித்துப் பளபளவென்று கொடுத்திருந்தார்கள், அந்தத் துளிகள் பக்கத்தில் இருக்கிற டிஸ்க்கிலும் தெறித்திருக்கின்றன. எண்ணெய் பட்ட பேட் அவ்வளவுதான். தம்பி பாதி வழியில் சக்கரத்தைக் கழற்றி, பேட் இரண்டையும் உருவி, ஓரமாகக் கிடந்த சொரசொரப்பான கல்லில் தேய்த்தான். மேலே இருந்த கண்ணாடி மாதிரியான பளபளப்பு போய்ச் சாம்பல் நிறம் வந்ததும் நிறுத்தினான். பையில் இருந்த சானிடைசரைத் துணியில் ஊற்றி டிஸ்க்கைத் துடைத்தான். முழுக்கச் சரியாகவில்லை, ஆனால் அன்றைக்கு ஓட்ட முடிந்தது. பத்து நிமிஷ வேலை. அதைக் கடையில் செய்ய ஆள் இல்லை என்பதுதான் என் கோபம்.

இப்போது வழிகாட்டி. பக்கத்து ஹட்டியை, அதாவது படகர் கிராமத்தைச் சேர்ந்த பையன், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். இந்த ஆள் இல்லாமல் நாங்கள் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டியிருக்க முடியாது, அதைச் சும்மா புகழ்ச்சிக்காகச் சொல்லவில்லை. கோத்தகிரியைச் சுற்றி இருப்பது பெரிய எஸ்டேட் மட்டும் இல்லை, சிறு விவசாயிகளின் தேயிலையும் ஏராளம். ஒரே பாதை அரைக் கிலோமீட்டருக்குள் ஐந்தாறு பேருடைய நிலத்தைத் தாண்டும். யார் விடுவார், யார் கம்பி கட்டிவிட்டார், யார் வீட்டு நாய் துரத்தும் என்பதெல்லாம் எந்த மேப்பிலும் வராது. இவன் ஒவ்வொரு இடத்திலும் படகர் மொழியில் ஒரு வார்த்தை குரல் கொடுத்துவிட்டுத்தான் நுழைந்தான். சனிக்கிழமை கொழுந்து பறிக்கிற நாள், அதனால் அன்றைக்கு எஸ்டேட்டின் நடுவே விடவில்லை, கிராமங்களை இணைக்கிற மண் ரோடுகளிலேயே ஓட்டவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாத நாள், அன்றைக்குத்தான் உள் பாதைகள். தலையில் மூட்டையோடு பெண்கள் எதிரே வந்தால் வண்டியைவிட்டு இறங்கி ஓரமாக நிற்க வேண்டும் என்பது அவன் போட்ட முதல் சட்டம்.

லாங்வுட் சோலைக்குள் போகலாமா என்று எங்களில் ஒருத்தன் கேட்டான். ஊருக்குப் பக்கத்திலேயே 116 ஹெக்டேர் சோலைக்காடு, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததாக 2024-இல் அறிவித்தார்கள். "சைக்கிளோட அதுக்குள்ள வேண்டாங்கண்ணா, ஊருக்குத் தண்ணியே அங்கிருந்துதான்" என்று முடித்துவிட்டான். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். காசு வாங்கிக்கொண்டு கூட்டிப்போகிற ஆட்களும் இருக்கிறார்கள், மாட்டினால் அபராதம் உங்கள் தலையில். இவன் கேட்ட உடனே மறுத்தது எனக்குப் பிடித்திருந்தது.

பாதைகளைப் பற்றி. சனிக்கிழமை கன்னேரிமுக்கு வழியாக ஒரு சுற்று, கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி வந்து முதலில் தங்கிய பகுதி அது. அவருடைய பங்களாவை வெளியில் இருந்து பார்த்ததோடு சரி, எல்லாருக்கும் இறக்கத்தின் மேல்தான் கண். அந்த நாள் சுமார்தான், தார் ரோடு நிறைய வந்தது. ஞாயிறுதான் விருந்து. தேயிலை வரிசைகளுக்கு நடுவே ஹேண்டில்பார் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு ஒற்றையடிப் பாதை, சில்வர் ஓக் வேர்கள் படிக்கட்டு போலக் குறுக்கே ஓடுகின்றன, இடது பக்கம் சரிவு, மேகம் திறந்தால் மேட்டுப்பாளையம் சமவெளி வரைக்கும் தெரிகிறது. வேகம் பெரிதாக வராது, ஆனால் ஒரு விநாடி கண்ணை எடுக்க முடியாது.

வேரைவிட ஆபத்து கவாத்து அடித்த, அதாவது தேயிலைச் செடியை வெட்டிக் குறைத்த இடங்கள். கவாத்து முடிந்த செடி முழங்கால் உயரத்துக்குக் கட்டையாக நிற்கும், வெட்டின முனை ஒவ்வொன்றும் கூர். பாதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற கட்டையில் பெடல் இடித்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும், நாம் நிற்க மாட்டோம். "ரெண்டு பெடலையும் சமமா வச்சிட்டு எந்திரிச்சு நில்லுங்கண்ணா, மிதிக்கவே மிதிக்காதீங்க" என்று கத்திக்கொண்டே முன்னால் போனான். சீட்டை இரண்டு இஞ்ச் இறக்கிவிட்டதும் அவன்தான். அதற்கப்புறம் எங்களில் யாரும் விழவில்லை, முழங்கையில் கீறல் மட்டும் எல்லாருக்கும். முழங்கால், முழங்கை கார்டு கட்டாயம் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் ஹெல்மெட் மட்டும்தான் தருகிறார்கள், அந்த ஹெல்மெட்டின் உள் பஞ்சும் போன தலைமுறை வேர்வையோடு இருந்தது. சொந்த ஹெல்மெட் இருந்தால் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.

சாயங்காலம் திரும்பும்போது ஒரு வளைவுக்கு முன்னால் தம்பி கையைத் தூக்கினான். எல்லாரும் காலை ஊன்றினோம். தேயிலைக்கு மேலே கருப்பாக ஒரு முதுகு மட்டும் தெரிந்தது, அப்புறம் தலை நிமிர்ந்தது. காட்டெருமை. கொம்புக்கு நடுவே அந்த மங்கலான மஞ்சள் நெற்றி, காலில் முட்டி வரைக்கும் வெள்ளை. ஒருத்தன் போனை எடுத்தான், தம்பி திரும்பிப் பார்க்காமலேயே "பிளாஷ் வேண்டாம், பெல்லும் வேண்டாம்" என்றான். அது எங்களைப் பார்த்தது, மூச்சு விட்டது, திரும்பவும் மேய்ந்தது. இருபது நிமிஷத்துக்கு மேல் நின்றிருப்போம். அது தானாக நகர்ந்து கீழ் வரிசைக்கு இறங்கின பிறகும் உடனே போகவிடவில்லை, தனியாக இருக்காது, பின்னால் கூட்டம் இருக்கும் என்றான். இருந்தது, கன்றோடு சேர்த்து. கரடி நடமாட்டமும் இந்தப் பக்கம் உண்டு. அதனால் இருட்டுவதற்குள் ரோட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பதில் அவன் யாருக்கும் இடம் கொடுக்கவில்லை, கடைசி ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு நடந்தவர்களைக்கூடப் பின்னால் நின்று விரட்டினான்.

தங்கின இடம் சுமார். சுத்தம் ஓகே, வெந்நீர் ஒரு வாளிக்கு மேல் வராது. சாப்பாடு ஒரு வேளை மட்டும் பிரமாதம், பக்கத்து வீட்டில் இருந்து வந்த அவரைக் குழம்பும் களியும், ஓட்டி முடித்த பசிக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். மற்ற வேளை பரோட்டாவும் அதே சிவப்புக் குருமாவும்.

யார் போகலாம்? சைக்கிள் ஓட்டத் தெரிந்து, தொடர்ந்து ஒரு மணி நேரம் ஏறி இறங்கத் தெம்பு உள்ள யாரும். ஆனால் ஏற்றத்தைக் குறைத்து எடை போடாதீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறுதோறும் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுகிற நண்பன்தான் எங்களில் முதலில் இறங்கித் தள்ளினான், சமதளத்தில் ஓட்டின கால் வேறு, மலையில் ஓட்டுகிற கால் வேறு. பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை இந்த வண்டிகளில் அனுப்ப நான் சம்மதிக்க மாட்டேன். பாதை கடினம் என்பதால் இல்லை, அந்தப் பிரேக்கை இழுக்கப் பெரியவர்கள் கைக்கே வலிக்கிறது.

கிளம்பும்போது உரிமையாளரிடம் பிரேக், ஸ்பிரே, கை மாறின கேபிள் எல்லாவற்றையும் சொன்னோம். அடுத்த சீசனுக்குப் புது வண்டி வருகிறது என்றார். வரட்டும், வந்த பிறகு பார்க்கலாம். வண்டி வேண்டாம், வழிகாட்டி மட்டும் என்றால் எவ்வளவு என்று கேட்டதற்கு, தங்கலும் இல்லாமல் ஒரு நாளைக்குக் குழுவுக்கு இரண்டாயிரம், ஒரு வாரம் முன்னால் போனில் சொல்ல வேண்டும் என்றார். கோவையில் நல்ல வண்டி வாடகைக்குக் கிடைக்கிறது, ஒரு மினி டெம்போவில் ஏற்றிவிட்டால் மேலே கொண்டு வந்துவிடலாம். பிப்ரவரிக்கு அப்படித்தான் திட்டம், தம்பியிடம் தேதிகூடச் சொல்லியாகிவிட்டது.