நின்ற வண்டி சாய்ந்ததற்கு 14,850 ரூபாய்: மலைப்பாதையில் பைக்கில் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை நானும் மனைவியும் திருப்பூரிலிருந்து கோத்தகிரிக்குக் கிளம்பினோம். வண்டி ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, 2022 மாடல். அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம் வழியாகப் போய் மலையேறினோம். பாதி வழியில் ஒரு டீக்கடையைத் தாண்டிப் போய்விட்டோம். திரும்பி வரலாம் என்று ஓரமாக நிறுத்தி, மனைவியை இறங்கச் சொல்லிவிட்டு, வலது பக்கமாக யூ டர்ன் எடுத்தேன்.

ஏற்றத்தில் யூ டர்ன் எடுத்தவர்களுக்கு இது புரியும். பாதி திரும்பி வண்டி ரோட்டுக்குக் குறுக்கே நிற்கும்போது, உங்கள் வலது பக்கம் பள்ளமாகிவிடும். சமதரையில் எட்டுகிற கால் அங்கே எட்டாது. கீழே ஜல்லி வேறு கிடந்தது. ஹேண்டில் முழுக்க வலது பக்கம் திரும்பியிருந்த நேரத்தில் பயத்தில் முன் பிரேக்கைப் பிடித்துவிட்டேன். அப்படிப் பிடித்தால் வண்டி நிற்காது, திரும்பிய பக்கமே சாயும். 195 கிலோ. பிடித்துப் பார்த்தேன், முடியவில்லை. மெதுவாகப் படுத்துவிட்டது. நடக்கிற வேகம்கூட இல்லை. எனக்கு முட்டியில் சின்னச் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

டீக்கடையில் நின்ற மூன்று பையன்கள் ஓடி வந்தார்கள். அவர்களில் ஒருவன், "அண்ணா, சைடு ஸ்டாண்டை முதல்ல போட்டுருங்க, அப்புறம் தூக்கலாம்" என்றான். நல்ல யோசனை. வலது பக்கம் விழுந்த வண்டியை வேகமாகத் தூக்கினால் அந்த வேகத்திலேயே இடது பக்கம் போய் விழும். ஸ்டாண்டு போட்டிருந்தால் அதில் நின்றுகொள்ளும். தூக்கி நிறுத்திப் பார்த்தால் பிரேக் லீவர் வளைந்திருந்தது, வலது இண்டிகேட்டர் உடைந்திருந்தது, பிரேக் பெடல் உள்ளே மடங்கியிருந்தது. ஹேண்டில் லேசாகக் கோணியிருந்தது. பெட்ரோல் வாசனை அடித்தது.

செல்ஃப் அடித்தேன். மோட்டார் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பத்து தடவையாவது அடித்திருப்பேன். பேட்டரி சத்தம் குறைந்துகொண்டே போனது. இதற்கு நடுவில் நான் ஒரே ஒரு காரியத்தைச் செய்யவில்லை. சாவியை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்யவில்லை. அது தெரிந்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது. விஷயம் என்னவென்று பின்னால் சொல்கிறேன்.

அங்கே நின்ற யாரோ ஒருவர் போன் நம்பர் கொடுத்தார். நாற்பது நிமிடத்தில் ஒரு மெக்கானிக் குட்டியானை வண்டியோடு வந்தார். நாற்பது வயதிருக்கும், ரொம்ப மரியாதையான பேச்சு. வந்ததும் முதல் வேலையாகச் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "பெட்ரோல் லீக் ஆகுதுங்க சார், இனி ஸ்டார்ட் பண்ணாதீங்க, தீப்பிடிச்சுரும்" என்றார். என் மனைவி பயந்துபோய் பத்தடி தள்ளி நின்றாள். எனக்கும் பயம்தான். வண்டி படுத்துக் கிடந்தால் டேங்க் மூடி வழியாகக் கொஞ்சம் பெட்ரோல் கசிவது சாதாரணம், நிமிர்த்தி வைத்தால் நின்றுவிடும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

டார்ச் அடித்து அங்கங்கே பார்த்தார். "ஈசிஎம் போயிருச்சுங்க. விழுந்த அதிர்ச்சியில இந்த பிஎஸ் 6 வண்டியில போறதுதான். ஃபோர்க்கும் பெண்டு. இதை ஓட்டிட்டு மலை இறங்கினா உசுருக்கு உத்தரவாதம் இல்லைங்க" என்றார். ஈசிஎம் என்பது எஞ்சினுக்கு எப்போது எவ்வளவு பெட்ரோல் விடுவது என்று முடிவு செய்யும் எலக்ட்ரானிக் பெட்டி. அது போனால் பெரிய செலவு என்று எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். ஃபோர்க் என்பது முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் குழாய்கள். பனி இறங்கிக்கொண்டிருந்தது, மனைவி நடுங்கிக்கொண்டிருந்தாள். சரி என்றேன்.

வண்டியை மேட்டுப்பாளையம் பக்கம் உள்ள ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார். கம்பெனி ஷோரூம் இல்லை, எல்லாக் கம்பெனி வண்டியும் பார்க்கும் தனியார் கடை. பெயரை இங்கே போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. "ரெண்டு நாள் ஆகுங்க, பார்ட்ஸ் கோயமுத்தூர்ல இருந்து வரணும்" என்றதால் நாங்கள் பஸ் பிடித்து வீடு வந்தோம். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுப் போய் வண்டியை எடுத்தேன்.

குட்டியானை வாடகை 2,000. ஈசிஎம் 6,500. ஃபோர்க் செட் 3,800. லீவர், இண்டிகேட்டர், பெடல் மூன்றும் சேர்த்து 1,050. கூலி 1,500. ஆக 14,850 ரூபாய். பில் கேட்டேன். மேலே 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த ஒரு தாளில் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். கடைப் பெயர் ரப்பர் ஸ்டாம்ப்பில் பாதி விழுந்திருந்தது. ஜிஎஸ்டி நம்பர் கிடையாது. பணத்தை ஜிபே பண்ணச் சொன்ன நம்பரும் கடை பெயரில் இல்லை, ஒரு தனி ஆள் பெயரில் இருந்தது. கழற்றிய பழைய பார்ட்ஸைக் கேட்டேன். "ஸ்கிராப்புக்குப் போட்டாச்சுங்களே சார், முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார்கள். வண்டி ஸ்டார்ட் ஆனது. அந்த நிம்மதியில் கட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அன்னூர் ரோட்டில் வரும்போதே உறுத்தியது. வண்டி நேராகப் போகிறது, ஹேண்டில் கோணலாக இருக்கிறது. புது ஃபோர்க் போட்ட வண்டி எப்படிக் கோணும்?

மறுநாள் எங்கள் தெருமுனையில் பதினைந்து வருடமாகக் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் காட்டினேன். அவர் முன் சக்கரத்தின் அருகே உட்கார்ந்து, வலது ஃபோர்க் குழாயில் விரலை வைத்து, "இந்தக் கீறல் எப்ப விழுந்துச்சுங்க?" என்று கேட்டார். பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. போன வருடம் தாராபுரம் ரோட்டில் லாரி டயரிலிருந்து கல் தெறித்து விழுந்த கீறல் அது. அன்றைக்கு அவர் கடையிலேயேதான் காட்டினேன். 3,800 ரூபாய்க்கு மாற்றியதாக எழுதிய ஃபோர்க்கில் போன வருடத்துக் கீறல் அப்படியே இருக்கிறது.

அண்ணன் சொன்ன விளக்கத்தை எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். வண்டி சாயும்போது ஹேண்டில் முனை தரையில் குத்தும். அந்தக் குத்தில் ஃபோர்க் குழாய்கள், மேலே தங்களைப் பிடித்திருக்கும் 'டி' என்கிற இரும்பு இணைப்பில் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். எதுவும் வளைந்திருக்காது. சக்கரமும் ஹேண்டிலும் ஒன்றுக்கொன்று நேராக இல்லாமல் நிற்கும், அவ்வளவுதான். அவர் டி போல்ட்டுகளையும் ஆக்சிலையும் தளர்த்தி, சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, ஹேண்டிலை ஒரு திருப்பு திருப்பி, மறுபடி முடுக்கினார். கோணல் போய்விட்டது. அதற்கு என்னிடம் 300 ரூபாய் வாங்கினார். அதையும் நான் வற்புறுத்தித்தான் கொடுத்தேன். ஃபோர்க் நிஜமாகவே வளைந்திருந்தால், வெளியே கழற்றி ஒரு தட்டையான பரப்பில் உருட்டிப் பார்த்தால் தெரிந்துவிடுமாம். கழற்றாமல், டார்ச் அடித்துப் பார்த்து "பெண்டு" என்று முடிவு சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

அடுத்து ஈசிஎம் இருக்கும் இடத்தைத் திறந்தார். மூன்று வருடத்துத் தூசி. போல்ட்டில் காய்ந்த சேறு. ஸ்பேனர் பட்ட அடையாளமே இல்லை.

"அப்புறம் எப்படிங்கண்ணா வண்டி ஸ்டார்ட் ஆகாம இருந்துச்சு?" என்று கேட்டேன். அவர் பேசாமல் நான்கு கோணிச்சாக்கை மடித்துத் தரையில் போட்டார். வண்டியை ஸ்டார்ட் செய்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே நானும் அவரும் பிடித்து மெல்ல அந்தச் சாக்கின் மேல் சாய்த்தோம். எஞ்சின் நின்றுவிட்டது. தூக்கி நிறுத்தினோம். செல்ஃப் அடித்தார். சுற்றியது, பிடிக்கவில்லை. அன்றைக்கு மலையில் கேட்ட அதே சத்தம். பிறகு சாவியை ஆஃப் செய்தார், சில நொடி விட்டு ஆன் செய்தார், செல்ஃப் அடித்தார். உடனே பிடித்தது.

இது கோளாறே இல்லை. இப்போது வரும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பைக்குகள் பலவற்றில் ரோல் ஓவர் சென்சார் என்று ஒன்று இருக்கிறது. வண்டி குறிப்பிட்ட அளவுக்கு மேல் சாய்ந்தால், விழுந்துவிட்டது என்று புரிந்துகொண்டு எஞ்சினை நிறுத்திவிடும். பெட்ரோல் கொட்டித் தீப்பிடிக்கக் கூடாது, சுற்றுகிற சக்கரத்தில் கால் மாட்டக் கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு. நிமிர்த்தி, சாவியை ஆஃப் செய்து ஆன் செய்தால்தான் பழைய நிலைக்கு வரும். வண்டியோடு தரும் ஓனர்ஸ் மேனுவலிலேயே இருக்கிறது. மூன்று வருடம் அந்தப் புத்தகம் என் பீரோவில் கிடந்தது.

மலையில் அந்த ஆள் முதலில் சாவியை உருவிப் பையில் போட்டது ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. சாவியை உருவியதோடு வண்டி சரியாகிவிட்டது. மறுபடி நான் சாவி போட்டால் ஸ்டார்ட் ஆகிவிடும் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் தீ என்று பயமுறுத்தினார். ஒர்க்‌ஷாப் போய்ச் சேரும்வரை என் கண் முன்னால் ஒரு தடவைகூட அவர் ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை. எனக்கு ஆறாத கோபம் பணத்தைவிட இதில்தான். உயிர் காக்க வைத்த ஒரு சென்சாரையே காட்டி, உயிருக்கு ஆபத்து என்று சொல்லி, நடுங்கிக்கொண்டு நின்ற ஒரு பெண்ணின் முன்னால் ஏமாற்றினார்கள்.

உங்கள் வண்டி இப்படி விழுந்து ஸ்டார்ட் ஆகாவிட்டால், முதலில் சாவியை ஆஃப் செய்துவிட்டுத் தூக்குங்கள். ஐந்து நிமிடம் விடுங்கள், பெட்ரோல் வாசனை போகட்டும், கீழே சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள். சொட்டவில்லை என்றால் ஆன் செய்யுங்கள். ஹேண்டிலில் எஞ்சினை அணைப்பதற்காக இருக்கும் சிவப்பு கில் ஸ்விட்ச் விழுந்த வேகத்தில் ஆஃப் ஆகியிருக்கலாம், அதைப் பாருங்கள். ஸ்டார்ட் ஆகி, கியர் போட்டதும் அணைகிறது என்றால் சைடு ஸ்டாண்டு கீழே இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டாண்டு இறங்கியிருந்தால் கியரில் எஞ்சின் ஓடாதபடி இப்போதைய வண்டிகளில் வைத்திருக்கிறார்கள். லீவர் லேசாக வளைந்திருந்தால் அங்கேயே நிமிர்த்தப் போகாதீர்கள், அலுமினியம் ஒடிந்துவிடும். வளைந்தபடியே பிரேக் பிடிக்கிறது என்றால் மெதுவாக ஊர் வந்துவிடலாம்.

அப்படியும் முடியாவிட்டால், தெரியாதவர் தரும் நம்பருக்கு முன்னால் உங்கள் இன்சூரன்ஸ் பாலிசியைப் பாருங்கள். என் பாலிசியில் ரோட் சைடு அசிஸ்டன்ஸ், அதாவது வழியில் வண்டி நின்றால் உதவிக்கு ஆள் அனுப்பும் வசதி, சேர்த்து வாங்கியிருந்தேன். நம்பர் அதிலேயே அச்சாகியிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.

இன்சூரன்ஸ் என்றதும் இன்னொன்று. அந்தக் கடையில் "கிளைம் போட்டுரலாமுங்க சார், உங்க கையில இருந்து பெருசா போகாது" என்றும் சொன்னார்கள். நல்லவேளை, மறுத்துவிட்டேன். மூன்று வருடம் கிளைம் இல்லாததால், வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் எனக்கு 35 சதவீதம் நோ கிளைம் போனஸ் வருகிறது. ஐந்து வருடம் தொடர்ந்தால் 50 சதவீதம் வரை போகும். ஒரு கிளைம் போட்டால் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். லீவரும் இண்டிகேட்டரும் போன செலவுக்கு அதை இழப்பது நஷ்டம்.

கடைக்குப் போன் செய்தேன். கீறலைச் சொன்னதும், "பழைய ஃபோர்க்கையே சரி பண்ணிக் கொடுத்தோம், எழுதினதுல மாறிப்போச்சு" என்றார்கள். ஈசிஎம் பற்றிக் கேட்டதும் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு என் நம்பரை எடுப்பதில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். இதுவரை கடையிலிருந்து பதில் இல்லை. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருளுக்கும் செய்த வேலைக்கும் பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. கடை கோவை மாவட்டத்தில் இருந்தாலும் நான் குடியிருக்கும் திருப்பூரிலேயே வழக்குப் போடலாம். இந்தச் சட்டம் தந்த பெரிய வசதி இது. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரையான விஷயத்துக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. எஸ்டிமேட் தாள், ஜிபே ஸ்கிரீன்ஷாட், கீறலோடு இருக்கும் ஃபோர்க்கின் பழைய போட்டோ, புதிய போட்டோ எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். பழைய போட்டோ தற்செயலாகக் கிடைத்தது. இனி வண்டியை எந்தக் கடையில் விட்டாலும் நான்கு பக்கமும் போட்டோ எடுத்துவிட்டுத்தான் வருவேன். கழற்றும் பார்ட்ஸ் எனக்கு வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுவேன்.

மனுவை வரும் திங்கட்கிழமை கொடுக்கிறேன். கோத்தகிரி ரோட்டிலோ குன்னூர் ரோட்டிலோ வண்டி நின்று, குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போய், ஈசிஎம் மாற்றியதாகச் சொல்லிப் பணம் வாங்கியது உங்களுக்கும் நடந்திருந்தால், அந்த எஸ்டிமேட் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்குத் தனிச்செய்தியில் எழுதுங்கள், ஞாயிறு இரவுக்குள் வந்தால் மனுவில் குறிப்பிட முடியும்.